உரையும் நிறுவலும்: பெரிய முதன்மை எண்கள் பற்றிய ஒரு திறனாய்வு

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களாகக் கொண்டது தமிழ் மரபு. எழுத்தின்பாற் பிறந்த காவியங்களையும் கவிதைகளையும் திறனாயும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. எண்ணின்பாற் பிறந்த ஆக்கங்களைத் திறனாயும் வழக்கமோ அருகியே காணப்படுகின்றது. கணிதத்தில் விடை சரி அல்லது பிழை என்பதன்றித் திறனாய்வுக்கு இடமேது என்று வினவுவாரும் உளர். ஒரு கூற்றுச் சரியா என்பது ஒரு வினா. அது சரியென்று நாம் எவ்வாறு அறிந்தோம் என்பது வேறொரு வினா. இவ்விரண்டாம் வினாவே திறனாய்வின் களமாகும். அவ்வினாவைப் பெரிய முதன்மை எண்கள் பால் எழுப்பி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றிலும் பெரிய எண்ணை முதன்மை எண் என்கிறோம். தமிழகத்தார் இதனைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11, 13 என இவ்வரிசை தொடங்கும். இதற்கு முடிவில்லை என்பதை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே யூக்கிளிட்டு நிறுவிச் சென்றார்.

2024 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய முதன்மை எண் கண்டறியப்பட்டது. அமெரிக்கராகிய லூக் டியூரண்ட் என்பார், பல நாடுகளிற் பரந்து கிடந்த கணினிகளின் துணையோடு கண்ட அவ்வெண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பதாகும். அதன் இலக்கங்கள் 4,10,24,320. நொடிக்கு ஓரிலக்கமாக இராப்பகல் ஓயாது வாசித்தாலும் அதனை வாசித்து முடிக்க ஏறத்தாழ 475 நாட்கள் செல்லும். இச்செய்தியை எடுத்துரைத்தோர் பெரும்பாலும் இந்நீளத்தையே வியந்து நின்றனர். ஆயின் நீளம் ஒரு சிறப்பாகுமா? அவ்வெண்ணோடு ஒன்றைக் கூட்டுக. அதனினும் பெரிய எண் கிடைத்துவிடும். அதனைக் கண்டவரென்று எவரையும் எவரும் போற்றார். உப்பளத்திலே குவியலின் உயரத்தைக் கண்டு வியப்பவன் வழிப்போக்கன். ஒரு கல்லை நாவிலிட்டுத் தரம் அறிபவனே வாணிகன். அவ்வெண்ணின் சிறப்பு அதன் நீளத்திலன்று. நாலு கோடி இலக்கம் கொண்ட ஓர் எண்ணைப் பற்றி, 'இஃது எதனாலும் வகுபடாது' என ஐயத்துக்கு இடமின்றிக் கூற முடிந்ததே, அதிலேதான் உளது.

அறிவு நம்மை வந்தடையும் வாயில்களை அளவைகள் என்பர் நம் முன்னோர். சைவ சித்தாந்த நூலார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கினர். கண்ணாற் காண்பது காண்டல். காரணங்கொண்டு துணிவது கருதல். நம்பத்தக்கார் வாய்மொழியை ஏற்பது உரை. மெய்ப்பொருள் ஆராய்ச்சிக்கென வகுக்கப்பட்ட இம்மூன்றையும் எண்ணின் ஆராய்ச்சிக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம் என்பது எமது கருத்து.

97 என்பது முதன்மை எண்ணா? 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்தாற் போதும், எதனாலும் வகுபடவில்லை, ஆகவே முதன்மை எண்ணே. இது காண்டலோடு ஒத்தது. இனி, 170141183460469231731687303715884105727 என்னும் 39 இலக்க எண்ணை நோக்குக. இது 2¹²⁷ − 1 ஆகும். இதனை அவ்வாறே சோதிக்கப் புகின், இதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். நொடிக்கு நூறு கோடி வகுத்தல்களைச் செய்யும் பொறியொன்று ஒவ்வோரெண்ணாக வகுத்துச் சென்றாலும் நானூறு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். ஆகவே எண் பெருகப் பெருகக் காண்டல் நம்மைக் கைவிடுகின்றது. எஞ்சுவன உரையும் கருதலுமே.

உரையை நம்பியவர் அடைந்த பயனை முதலில் நோக்குவோம். பிரான்சு தேசத்துத் துறவியாகிய மெர்சேன் 1644 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்களுள், அடுக்கு 257 வரை, முதன்மை எண்களைத் தருவன 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளே என்று அதிற் கூறினார். நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. ஆயினும் அவர் பெருமதிப்புக்குரியவர். ஆதலால் அப்பட்டியல் இரு நூற்றாண்டுக்கு மேலாக நூல்தோறும் எடுத்தெழுதப்பட்டு வந்தது. ஈற்றில் அதில் ஐந்து பிழைகள் உள்ளமை வெளிப்பட்டது. 67, 257 ஆகிய இரண்டும் தவறாகச் சேர்க்கப்பட்டவை. 61, 89, 107 ஆகிய மூன்றும் தவறாக விடப்பட்டவை.

மெர்சேனைக் குறைகூற எமக்குத் தகுதியில்லை. அதற்குக் காரணமும் உண்டு. புத்தளம் மாவட்டத்திலே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஊரொன்றின் பாடசாலையில் யான் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டுகளில் ஒரு நாள், 'அடுக்கு முதன்மை எண்ணாயின், இரண்டின் அவ்வடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவதும் முதன்மை எண்ணாகும்' என்று கரும்பலகையில் எழுதினேன். வெளிவாரி மாணவனாகப் பட்டப் படிப்புக்கு ஆயத்தஞ் செய்த காலத்தில், எவரோ தொகுத்த குறிப்பொன்றிலிருந்து பெயர்த்தெழுதிய கூற்று அது. 3, 7, 31, 127 என நான்கு எடுத்துக்காட்டுகளையும் கொடுத்தேன். மாணவர் அனைவரும் தத்தம் கொப்பிகளில் எழுதிக் கொண்டனர். மறுநாட் காலையில் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "சேர், 11 ஐப் போட்டால் 2047 வருகுது. அது 23 தர 89" என்றாள். வகுப்பு முழுவதும் என் முகத்தை நோக்கியது. கரும்பலகையிற் பெருக்கிப் பார்த்தேன். அவள் கூற்றே சரி. ஐரோப்பாவிலே 1536 ஆம் ஆண்டிலேயே ரீஜியஸ் என்பார் சுட்டிக்காட்டிய உண்மை அது. முதல் நாள் அவ்வகுப்பில் நிகழ்ந்தது உரை. மறுநாள் நிகழ்ந்ததே கணிதம். முதல் நாள் பிழையை நாற்பது கொப்பிகளுக்கு ஏற்றியவன் யான் என்பதை இன்றும் மறந்திலேன்.

இனிக் கருதலின் ஆற்றலை நோக்குவோம். பிரான்சு தேசத்து லூக்கா என்னும் கணித அறிஞர், இவ்வகை எண்களை எதனாலும் வகுத்துப் பாராமலே சோதிக்கும் வழியொன்றைக் கண்டார். பின்னர் 1930 ஆம் ஆண்டளவில் லேமர் அதனைச் செம்மை செய்தார். அவ்வழி இதுவாகும்: 4 இல் தொடங்குக, எண்ணை வர்க்கித்து 2 ஐக் கழிக்க, கிடைப்பதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மாத்திரம் கொள்க, அம்மீதியை மீண்டும் வர்க்கித்து 2 ஐக் கழிக்க, அடுக்கினும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்து முடிக்கையில் மீதி பூச்சியமாயின் அது முதன்மை எண், அன்றாயின் அன்று. 31 ஐச் சோதிப்போம். அது 2⁵ − 1 ஆதலின் மூன்று தடவை போதும். 4 இலிருந்து 14. அதிலிருந்து 194, அதனை 31 ஆல் வகுக்க மீதி 8. அதிலிருந்து 62, மீதி பூச்சியம். ஆகவே 31 முதன்மை எண். 2047 க்கோ ஒன்பது தடவை செய்ய வேண்டும். செய்து முடிக்க எஞ்சும் மீதி 1736. பூச்சியம் வரவில்லை, ஆகவே அது முதன்மை எண்ணன்று. அம்மாணவி கண்ட 23 ஐயும் 89 ஐயும் இம்முறை நமக்குக் காட்டாது. எனினும் அத்தகைய காரணிகள் எங்கோ உள என்பதை ஐயமறக் கூறிவிடும்.

இம்முறையின் வலிமையை 1876 ஆம் ஆண்டு உலகம் கண்டது. 2¹²⁷ − 1 என்னும் மேற்கூறிய 39 இலக்க எண் முதன்மை எண்ணே என்று லூக்கா அவ்வாண்டில் நிறுவினார். நானூறு ஆண்டு வகுத்தலின் இடத்தை நூற்றிருபத்தைந்து வர்க்கித்தல்கள் நிரப்பக்கூடும் எனின், கருதலின் பெருமையை வேறு சொல்லவும் வேண்டுமோ? கணினியின் துணையின்றிக் கையாற் கணித்துக் காணப்பட்ட முதன்மை எண்களுள் இன்றும் பெரியது அதுவே. அதே ஆண்டில் 2⁶⁷ − 1 முதன்மை எண்ணன்று என்பதையும் அவர் காட்டினார். ஆயினும் அதன் காரணிகளை அவரறியார். 1903 ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் என்பார் அவற்றை வெளியிட்டார். வாய் திறவாது பலகையை அடைந்து, ஒரு புறத்தில் 2⁶⁷ − 1 ஐக் கணித்து 147573952589676412927 என எழுதி, மறுபுறத்தில் 193707721 ஐ 761838257287 ஆற் பெருக்கி, இரண்டும் ஒன்றேயாதலைக் காட்டிவிட்டு, ஒரு சொல்லுஞ் சொல்லாது தம் இருக்கைக்கு மீண்டார் என்பர். மெர்சேனின் உரைக்கு அம்மௌனமே மறுமொழியாயிற்று.

இவ்விடத்தில் ஒரு பண்பைக் குறித்துக் கொள்வோம். ஓர் எண் பகுபடும் என்று அறிதல் வேறு; எவ்வாறு பகுபடும் என்று அறிதல் வேறு. முன்னையது எளிதாகவும் பின்னையது மிகவரிதாகவும் இருப்பதே பெரிய எண்களின் இயல்பு. 1977 ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், சமீர், ஏடில்மன் என்னும் மூவர் வகுத்த இரகசியக் குறிமுறை இவ்வியல்பையே அடித்தளமாகக் கொண்டது. ஏறத்தாழ முந்நூறு இலக்கங் கொண்ட இரு முதன்மை எண்களைப் பெருக்கி, பெருக்கத்தை உலகறிய வெளியிட்டாலும், அவ்விரண்டையும் மீட்டறிவது இன்றைய கணினிகளுக்கு இயலவில்லை. வங்கிக் கணக்கு முதலியவற்றைக் காக்கும் பூட்டுகள் பல இவ்வாறு அமைந்தவை. கோல் பட்ட பாட்டினைப் பகைவனும் படவேண்டும் என்பதே அப்பூட்டின் தந்திரம்.

இதுவரை மேல்நாட்டார் ஆக்கங்களை நோக்கினோம். இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். முதன்மை எண் என்றவுடன் தமிழுலகு நினைப்பது இராமானுஜனையே. நாமகிரித் தாயார் கனவில் வந்து அவருக்குச் சூத்திரங்களை அருளினார் என்னும் செய்தியை நம் மேடைகளும் ஏடுகளும் ஓயாது கூறும். அவருடைய பத்தியை யாம் ஐயுறவில்லை, அதனை மதிக்கின்றோம். ஆயினும் முதன்மை எண்களைப் பொறுத்தவரை அவருடைய வாழ்விலே நிகழ்ந்தது யாது என்பதை அம்மேடைகள் கூறுவதில்லை. அதனைக் கூறுதல் அவருக்கு இழுக்காகும் என்று அஞ்சுவர் போலும். எமக்கோ அதுவே அவருடைய பெருமையின் திறவுகோலாகத் தோன்றுகின்றது.

1913 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள், சென்னைத் துறைமுகக் காரியாலயத்தின் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த இராமானுஜன், கேம்பிறிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் வரைந்தார். கொடுக்கப்பட்ட ஓரெண்ணினும் சிறிய முதன்மை எண்கள் எத்தனை என்பதைத் துல்லியமாகக் கூறும் சூத்திரம் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை என்று ஹார்டி தம் சிறுநூலொன்றில் எழுதியிருந்தார். தாம் அத்தகையதொன்றைக் கண்டிருப்பதாகவும், அதன் வழு புறக்கணிக்கத்தக்கது எனவும் இராமானுஜன் தெரிவித்தார். நிறுவல்களை அனுப்புமாறு ஹார்டி மறுமொழியில் வேண்டினார்.

அச்சூத்திரம் எத்தகையது? ஜெர்மனியில் ரீமான் என்னும் பேரறிஞர் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரத்தின் தலையாய பகுதியோடு அது ஒத்தது. அந்நூல்களைக் கண்ணாலும் காணாத ஒருவர் தாமே அதனை அடைந்தது வியப்பினும் வியப்பே. அதன் செம்மையையும் காண்க. பத்து இலட்சத்துக்குக் கீழுள்ள முதன்மை எண்கள் 78,498. சூத்திரம் தருவது ஏறத்தாழ 78,527. நூறு கோடிக்குக் கீழுள்ளவை 5,08,47,534. சூத்திரத்தின் வழு எண்பதுக்குள் அடங்கும். இவற்றைக் கண்ட எவரும் வழு என்றும் சிறிதாகவே இருக்கும் என நம்புவர். இராமானுஜனும் நம்பினார். அந்நம்பிக்கை பிழையாயிற்று. எண்கள் பெருகப் பெருக அவ்வழு எல்லையின்றிப் பெருகும் என்பது 1914 ஆம் ஆண்டில் லிட்டில்வுட் நிறுவிய தேற்றத்தால் விளங்கியது.

அத்தேற்றம் காண்டலை நம்புவோர் யாவர்க்கும் ஒரு படிப்பினையாகும். முதன்மை எண்களை எண்ணுதற்குக் கவுசு காலந்தொட்டு வழங்கிய மதிப்பீடொன்று உண்டு. நேரிற் கணித்துப் பார்த்த எண்கள் அனைத்திலும் அம்மதிப்பீடு உண்மைத் தொகையினும் சற்று மிகுந்தே காணப்பட்டது; இன்றுவரை கணித்துப் பார்த்த எல்லாவற்றிலும் அவ்வாறே. ஆயினும் எங்கோ ஓரிடத்தில் அது குறையும் எனவும், அவ்வாறு மிகுதலும் குறைதலும் முடிவின்றி மாறிமாறி நிகழும் எனவும் லிட்டில்வுட் காட்டினார். கோடானுகோடி எடுத்துக்காட்டுகள் ஒருமுகமாய் நின்று பொய்ச்சான்று பகரும் இடமும் உண்டு என்பதை இதனால் அறிகின்றோம். யான் நான்கே எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஒரு விதியைக் கரும்பலகையிலே எழுதியதை இதனோடு ஒப்புநோக்கின் நாணமே மிகும்.

இராமானுஜன் தவறியது ஏன்? சிக்கலெண்களின் சார்புகள் பற்றிய கல்வி அவருக்குக் கிட்டாமையே காரணம் என்று ஹார்டி பின்னர் மதிப்பிட்டார். ரீமானின் சூத்திரத்திலே தலையாய பகுதியைத் தொடர்ந்து, அலையலையாக எழும் திருத்தங்கள் உள. அவை சிக்கலெண்களின் உலகிலிருந்து வருவன. அவ்வுலகை அறியாதார்க்கு அவ்வலைகளும் தோன்றா. இதனோடு பிறிதொரு காரணத்தையும் யாம் சேர்ப்போம். இளமையில் இராமானுஜனுக்கு ஆசானாய் வாய்த்தது கார் என்பார் தொகுத்த நூல். ஆயிரக்கணக்கான முடிபுகளை வரிசைப்படுத்தி, நிறுவல்களைப் பெரும்பாலும் விடுத்தோ சுருக்கியோ செல்லும் நூல் அது. முடிபே கணிதம் என்னும் எண்ணம் அத்தகைய நூலொன்றையே துணையாகக் கொண்ட மாணவனுக்கு எளிதில் உண்டாகும். பல்கலைக்கழக வாயிலை மிதியாது குறிப்புகளைக் கொண்டே பட்டம் பெற்ற எம்மனோர்க்கு அந்நிலை நன்கு விளங்கும். இராமானுஜனின் மேதை எங்கே, எம் சிற்றறிவு எங்கே! ஆயினும் வறுமை ஒன்றே.

இராமானுஜன் வரலாறு இத்தோடு முடிந்திருப்பின், கனவின் பெருமை பேசுவோரும் கனவின் குறை பேசுவோரும் தத்தம் பக்கத்தில் அமைதியுறலாம். ஆனால் அது முடியவில்லை. 1914 ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் சென்று ஐந்தாண்டு பயின்ற அவர், 1919 ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் இரண்டே பக்கங் கொண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். ஒன்றிலும் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு முதன்மை எண்ணாயினும் உண்டு என்பது பெர்த்திராண்டு 1845 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஊகம். அதனைச் செபிஷேவ் என்னும் உருசியர் முன்னரே நிறுவியிருந்தார், அந்நிறுவல் நீண்டது. இராமானுஜன் அதனைச் சுருங்கிய வழியால் நிறுவியதோடு அமையாது அதற்கு அப்பாலும் சென்றார். ஓரெண்ணின் பாதிக்கும் அவ்வெண்ணுக்கும் இடையில் முதன்மை எண்கள் குறைந்தது இத்தனை உண்டு என்று சொல்ல, அவ்வெண் எத்துணைப் பெரிதாதல் வேண்டும்? ஒன்று என்பதற்கு 2. இரண்டு என்பதற்கு 11. மூன்று என்பதற்கு 17. நான்கு என்பதற்கு 29. ஐந்து என்பதற்கு 41. இவ்வெண்களை இன்று இராமானுஜன் முதன்மை எண்கள் என்றே கணித உலகம் வழங்குகின்றது.

அவ்விரு பக்கங்களிற் கனவில்லை, கடவுள் வாழ்த்தில்லை, வியப்புச் சொல் ஒன்றேனும் இல்லை. ஒவ்வொரு வரியும் முந்திய வரியிலிருந்து பிறக்கின்றது. 1913 இன் கடிதத்தை எழுதியவர் தம்மை நம்புமாறு கேட்டார். 1919 இன் கட்டுரையை எழுதியவர் அவ்வாறு கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. எமது மதிப்பீட்டில், இராமானுஜன் முதன்மை எண்கள் பற்றி எழுதியவற்றுள் நம் மாணவர்க்கு முதலிற் காட்டத்தக்கது அவ்விரு பக்கக் கட்டுரையே.

அக்கட்டுரையின் ஆற்றலை 2024 இன் பேரெண்ணோடு பொருத்திப் பார்க்க. அப்பேரெண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் வேறு முதன்மை எண்கள் உள என்பது உறுதி. ஐந்தன்று, எண்ணிறந்தன உள. ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் பெயர் சொல்லிக் காட்ட வல்லார் 2024 அக்டோபரில் எவரும் இலர். கண்ணுக்குப் புலனாகாததை உண்டென்று துணிதற்குக் கருதல் ஒன்றே துணையாயிற்று.

இனி, இக்காலத்து ஆக்கமொன்றை நோக்கி முடிப்போம். லூக்காவின் சோதனை, இரண்டின் அடுக்கிலும் ஒன்று குறைந்த எண்களுக்கே பொருந்தும். எந்த எண்ணுக்கும் பொருந்துவதாய், விரைவுடையதாய், ஐயத்துக்கு இடந்தராததாய் ஒரு சோதனை உண்டோ என்பது நெடுங்காலம் விடையின்றி நின்ற வினா. பெர்மாவின் தேற்றத்தைக் கொண்டமைந்த சோதனை விரைவுடையது. ஆயின் 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கமான 561 போன்ற எண்கள் அதனை ஏமாற்றிவிடும். வேறு சில சோதனைகள் மிகப் பெரும்பாலும் சரியாகவே கூறும், முழுவுறுதி கூறா. இன்னும் சில, நிறுவப்படாத ஊகமொன்றின்மேல் நிற்பன.

2002 ஆம் ஆண்டு ஆகஸ்டில் கான்பூரிலுள்ள இந்தியத் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டிலே இளநிலைப் பட்டப் படிப்பை முடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் மாணவர் இருவரும் அவ்வினாவுக்கு விடை கண்டனர். அதன் கருவை உயர்தர வகுப்பு மாணவனும் உணரக்கூடும். 'ய கூட்டல் ஒன்று' என்பதை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தின் குணகங்கள் 1, 5, 10, 10, 5, 1 ஆகும். நடுவிலுள்ளவை யாவும் ஐந்தால் வகுபடும். நான்காம் அடுக்குக்கு உயர்த்தின் 1, 4, 6, 4, 1. நடுவிலுள்ள 6 நான்கால் வகுபடாது. முதன்மை எண்ணாயின் நடுக்குணகங்கள் யாவும் அதனால் வகுபடும். அன்றாயின் ஒன்றேனும் வகுபடாது நிற்கும். யாப்பிலக்கண ஆராய்ச்சியிலே மேருப் பிரத்தாரம் என ஹலாயுதர் விளக்கிய எண் முக்கோணம் இக்குணகங்களின் அடுக்கேயாகும். ஆயினும் பெரிய எண்ணுக்கு அத்தனை குணகங்களையும் எழுதிப் பார்த்தல் வகுத்துப் பார்த்தலினும் கடிது. கான்பூர் மூவரும் அக்கோவையைத் தக்கதொரு சிறு கோவையால் வகுத்து மீதியை மாத்திரம் நோக்கினாற் போதும் எனவும், அவ்வாறு சில தடவை நோக்கினாலே முழுவுறுதி கிட்டும் எனவும் நிறுவினர்.

இவ்வாக்கத்திற் குறை காண்பாரும் உளர். நடைமுறையில் வேறு முறைகள் இதனினும் விரைவானவை. 2024 இன் பேரெண்ணையும் உறுதி செய்தது லூக்கா, லேமர் வழியே. ஆகவே இதனாற் பயன் யாது என்பர். அவர் கூறும் செய்தி உண்மையே, முடிபு பொருந்தாது. விரைவுடைய முறையொன்று உண்டோ இல்லையோ என்பதே வினாவாயிருந்தது. உண்டு என்பதே விடை. அன்றியும் அக்கட்டுரையின் பண்பு எம்மைப் பெரிதும் கவர்ந்தது. முதல் வடிவம் ஒன்பதே பக்கங்கள். அதில் எடுத்தாளப்பட்ட கடினமானதொரு தேற்றத்தின் துணை இன்றியே நிறுவலை முடிக்கலாம் என்று லென்ஸ்திரா என்னும் அறிஞர் காட்டினார். அத்திருத்தத்தை ஏற்று, அவர் பெயரையும் கூறி, 2004 ஆம் ஆண்டில் அதனினும் எளிய வடிவத்தில் மூவரும் வெளியிட்டனர். தம் ஆக்கத்தைப் பிறர் திருத்த மனமுவந்து இடங்கொடுத்தல் சான்றோர் இயல்பு.

ஆசிரியர்களாகிய நாம் இவற்றால் அறிய வேண்டுவது யாது? பரீட்சையை முன்னிட்டுச் சூத்திரங்களைத் தொகுத்து ஊட்டுகின்றோம். மாணவரும் உண்டு புள்ளி பெறுகின்றனர். அவ்வூட்டலில் ஒரு பிழை கலந்திருப்பினும் அதனை அறியும் வாயிலை நாமே அடைத்துவிடுகின்றோம். முதன்மை எண்கள் முடிவற்றன என்பதற்கு யூக்கிளிட்டுத் தந்த நிறுவலைக் கால் மணி நேரத்திற் கற்பிக்கலாம். அதனைக் கற்ற மாணவன், நாலு கோடி இலக்கங்களை வியந்து நில்லான். 'அது வகுபடாதென்று எவ்வாறு அறிந்தனர்?' என்றே வினவுவான். இராமானுஜனை நாம் கொண்டாட வேண்டுமாயின் அவ்வினாவை எழுப்பும் மாணவரை உருவாக்குதலே தக்க கொண்டாட்டமாகும்.

அன்று 2047 ஐப் பகுத்துக் காட்டிய மாணவிக்கு யான் நன்றி கூறினேனா என்பது நினைவில்லை. ஆனால் அடுத்த நாள் முதலாக ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். கரும்பலகையில் விதியொன்றை எழுதியபின், அதன்கீழ் ஒரு வரிக்கு இடம் விட்டு, 'ஏன்?' என்று எழுதுவேன். அவ்விடத்தை நிரப்ப இயலாதபோது விதியையும் அழித்துவிடுவேன். அதனாற் பாடத்திட்டம் சில வேளை பின்தங்கியதுண்டு, அதற்காக வருந்தியதில்லை.